காய் நறுக்கும் பலகைக்கு வெளிநாட்டுச் சந்தை: எந்த நாடு, என்ன விலை, யாரை நம்புவது?

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து மரத்தில் காய் நறுக்கும் பலகை, கரண்டி, பரிமாறும் தட்டு செய்யும் பட்டறை நடத்துகிறோம். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். மாதம் 600 பலகை வரை செய்ய முடியும். ஏற்றுமதியில் இறங்க ஆசை. ஐரோப்பாவா, அமெரிக்காவா, வளைகுடாவா, எது எங்களுக்குச் சரிப்படும்? இதற்கிடையில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பி, 2,000 பலகைக்கு எஃப்.ஓ.பி. விலை, அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுப்பதுவரையான விலை, கேட்கிறது. பணம் டி.ஏ. முறையில் 90 நாள் கழித்துத் தருவார்களாம். அதற்கு முன் 20 பலகை சாம்பிளாக இலவசமாக அனுப்ப வேண்டுமாம். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: மின்னஞ்சலுக்கு இன்று விலை எழுத வேண்டாம், சாம்பிளும் அனுப்ப வேண்டாம். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. அது இன்னும் தெரியாது. உங்கள் பலகை அந்த ஊர்க் கடையில் என்ன விலைக்கு விற்கும் என்பது உங்களுக்குத் தெரியாதவரை, நீங்கள் சொல்லப்போவது குத்துமதிப்பு விலைதான். குத்துமதிப்பாகச் சொன்ன முதல் விலையை வைத்துத்தான் அடுத்த இரண்டு வருடமும் பேரம் நடக்கும். ஆகவே நாட்டையும் விலையையும் முதலில் பார்ப்போம். மின்னஞ்சலைக் கடைசியில் எடுப்போம்.

உங்கள் சரக்குக்கு ஓர் எண் இருக்கிறது. அதைத்தான் எச்.எஸ். கோடு என்கிறோம். உலக சுங்க அமைப்பு நிர்ணயிக்கும் இந்த எண்ணில் முதல் 6 இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றே. அதற்குப் பின்னால் 8, 10 இலக்கம் என்று ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு நீட்டிக்கொள்ளும். மரத்தாலான சமையலறை, சாப்பாட்டு மேசைச் சாமான்கள் 4419-இல் வரும். அதற்குள் மூங்கில் பலகை என்றால் 4419.11, வெப்பமண்டல மரம் என்றால் 4419.20, மற்ற மரம் என்றால் 4419.90. தேக்குப் பலகையும் பீச் மரப் பலகையும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் எண் வேறு. அமெரிக்கக் கட்டண அட்டவணையில் மரக்கரண்டிக்கு ஒரு வரி, பலகைக்கு வேறு வரி. சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாகச் செய்தால் அது 4420-க்குப் போய்விடும். எண் தவறினால் வரி மாறும், புள்ளிவிவரம் மாறும், தேவைப்படும் சான்றிதழும் மாறும். சந்தேகம் இருந்தால், அங்குள்ள இறக்குமதியாளர் தன் சுங்கத் துறையிடம் சரக்கு வருமுன்பே எழுத்துபூர்வமான முடிவு கேட்டு வாங்கலாம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தில், 2017 முதல், இதற்கு வழி இருக்கிறது.

எண் கிடைத்ததும் ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச வர்த்தக மையத்தின் 'டிரேட் மேப்' தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். எந்த நாடு, எந்த ஆண்டில், எங்கிருந்து, எவ்வளவு இறக்கியது என்று வரும். ஏற்றுமதி செய்யும் நாடு சொல்லும் கணக்கைவிட இறக்குமதி செய்யும் நாட்டின் கணக்கையே எடுங்கள். வரி வசூலிக்கும் இடத்தில்தான் எண்ணிக்கையைக் கவனமாகப் பார்ப்பார்கள். குறைந்தது 5 ஆண்டு பாருங்கள். ஆனால் 4419.20 என்ற எண் 2022 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் வெப்பமண்டல மரமும் 4419.90-க்குள்தான் இருந்தது. இது தெரியாமல் பார்த்தால், 2022-இல் 4419.90 திடீரெனச் சரிந்ததாகத் தோன்றி, நல்ல சந்தையைத் தள்ளிவிடுவீர்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். அடுத்த பதிப்பு 2028 ஜனவரியில் நடைமுறைக்கு வருகிறது, அப்போதும் இதே எச்சரிக்கை தேவை.

பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் நாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். நெதர்லாந்து, சிங்கப்பூர், ஹாங்காங், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றில் இறங்கும் சரக்கில் ஒரு பெரும்பங்கு அங்கே விற்பதற்கல்ல, அடுத்த நாட்டுக்குப் போவதற்கு. துறைமுகத்தின் எண்ணிக்கையைச் சமையலறையின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல, ஒரு நாட்டின் இறக்குமதியில் முக்கால்வாசியும் ஒரே நாட்டிலிருந்து வருகிறது என்றால், அங்கே விலையை ஏற்கெனவே அந்த ஒருவர்தான் நிர்ணயிக்கிறார். ஐந்தாறு நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும், அதில் சிறிய நாடுகளும் ஆண்டுக்காண்டு வளரும் சந்தைதான் புதிதாக வருபவருக்கு வழிவிடும்.

மொத்த மதிப்பை மொத்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு என்ன விலை என்று வரும். நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். உங்கள் பலகை 40 செ.மீ. நீளம், 28 அகலம், 2.5 கனம் என்று வைத்தால், நடுத்தர அடர்த்தி மரத்தில் ஏறத்தாழ 1.8 கிலோ. ஒரு நாட்டின் சராசரி கிலோவுக்கு 3 டாலர், உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிலோவுக்கு 4.50 என்றால், அந்த நாட்டின் சாதாரணக் கடை உங்களுக்கானதல்ல. விலை கூடிய கடைக்குத்தான் முயல முடியும். சராசரியே 6 என்றால் கதை வேறு. ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான நாடுகள் இறக்குமதி மதிப்பைக் கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்த்து, சி.ஐ.எஃப். கணக்கில் சொல்லும், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா அவை சேராத மதிப்பைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

வரி விகிதத்துக்கு அதே மையத்தின் 'மார்க்கெட் ஆக்சஸ் மேப்', ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆக்சஸ் டு மார்க்கெட்ஸ்', அமெரிக்காவின் கட்டண அட்டவணை ஆகியவை இருக்கின்றன. உங்கள் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் சலுகை வரி கிடைக்கும். ஆனால் அதற்கு 'பிறப்பிட விதி'யை நிறைவேற்ற வேண்டும். மரத்தை மூன்றாம் நாட்டிலிருந்து வாங்கி இங்கே பலகையாக்கினால் அது உங்கள் நாட்டுச் சரக்காகக் கருதப்படுமா என்பதை ஒப்பந்தத்தின் விதிப் பட்டியலில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வரி விஷயத்தில் விலை சொல்லும் அன்றைய நிலவரத்தைப் பார்த்தே சொல்லுங்கள். 2025-இல் கூடுதல் வரிகள் பலமுறை மாறின. 800 டாலருக்குட்பட்ட பார்சலுக்கு இருந்த வரிவிலக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 29-உடன் முடிந்தது. ஒவ்வொரு பலகையாகப் பார்சலில் அனுப்பி அமெரிக்க வீடுகளுக்கு விற்கலாம் என்ற பழைய யோசனை யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இனி மரம். பலகை செய்பவருக்கு ஏற்றுமதி சிக்குவது பெரும்பாலும் விலையில் அல்ல, மரத்தில்தான்.

காகிதம் முதலில். சட்டவிரோதமாகப் பிடித்த, வெட்டிய உயிரினங்களின் வியாபாரத்தைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டம் 2008 திருத்தத்துக்குப் பிறகு மரப் பொருள்களையும் பிடித்துக்கொண்டது. எந்த மரம் என்பதைத் தாவரவியல் பெயரோடு, எந்த நாட்டில் வெட்டியது, எவ்வளவு என்று இறக்குமதியாளர் அறிவிக்க வேண்டும். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக 2023-இல் கொண்டுவந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மரம் வெட்டிய நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையே கேட்கிறது. நடைமுறைத் தேதி ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனாலும் 4419 அதன் பட்டியலில் இருக்கிறது. பெரிய இறக்குமதியாளர்கள் இப்போதே அதற்கான காகிதத்தைக் கேட்கிறார்கள். ஈட்டி, சீசம் போன்ற டால்பெர்ஜியா இன மரங்கள் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அந்த மரத்தில் செய்ததை அனுமதிச் சீட்டு பற்றி விசாரிக்காமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதல்தான். உங்கள் மர வியாபாரியிடம் இந்த வாரமே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கட்டை எந்தத் தோட்டத்தில், எந்தக் காட்டில் வெட்டியது, அதற்குக் காகிதம் உண்டா? உண்டு என்றால் ஐரோப்பா உங்களுக்குத் திறந்திருக்கிறது. மழுப்பினால் வியாபாரியை மாற்றிவிட்டு அப்புறம் ஐரோப்பாவைப் பற்றிப் பேசலாம். ஐரோப்பாவா, அமெரிக்காவா என்ற உங்கள் கேள்விக்கு எங்கள் விடை பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

சாப்பாட்டுப் பொருள் படும் எதற்கும் ஐரோப்பாவில் 1935/2004 என்ற விதி பொருந்தும். பொருளிலிருந்து ஆபத்தான எதுவும் உணவில் இறங்கக் கூடாது, சுவையையும் மணத்தையும் கெடுக்கக் கூடாது. அதனால் எண்ணெயையும் பசையையும் கவனியுங்கள். சமையல் எண்ணெய் பூசினால் கப்பலில் போகும்போதே சிக்கு வாடை அடிக்கும். கடையில் 'பாயில்டு லின்சீடு' என்று விற்பதில் உலரவைக்கும் உலோக உப்புகள் கலந்திருக்கும், அது வேண்டாம். வால்நட் எண்ணெய் ஒவ்வாமைப் பிரச்சினையைக் கொண்டுவரும். உணவுத் தர மினரல் ஆயிலும் தேன்மெழுகும் போதும், வாங்கிய பில்லையும் தரச் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒட்டுப்பலகை என்றால் பசை தயாரித்தவரிடம் உணவுத் தொடர்புக்கான சான்று கேளுங்கள்.

அடுத்தது ஈரம். சிறு பட்டறைகள் அடிபடுவது இங்கேதான். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் நிழலில் காயவைத்த மரம் 14, 15 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை மாதம் வைத்தாலும் இறங்காது. அதைப் பலகையாக்கினால் பட்டறையில் நேராக, அழகாக இருக்கும். குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று அவ்வளவு வறண்டது. அங்கே மரம் 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கும். 28 செ.மீ. அகலமுள்ள பலகை அப்போது, மர வகையையும் அறுத்த விதத்தையும் பொறுத்து, 3 முதல் 5 மி.மீ. வரை சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்காது என்பதால் வளையும், ஒட்டிய மூட்டு பிளக்கும், முனையில் மயிரிழை வெடிப்பு விழும். ஜனவரியில் வாங்கியவர் பிப்ரவரியில் கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவார். அந்தச் செலவு கடைசியில் உங்கள் கணக்கில்தான் விழும். ஆகவே சூளையில் 8–10 சதவீதத்துக்கு உலர்த்திய மரம் வேண்டும். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கி, அறுக்கும் முன்னும் பெட்டியில் போடும் முன்னும் அளந்து குறித்து வையுங்கள். பலகையின் மேல்பரப்பில் மட்டும் அளக்காமல், கழிவுத் துண்டொன்றைக் குறுக்கே வெட்டி நடுவிலும் அளக்க வேண்டும். மேலே 9, நடுவே 14 என்று காட்டும் மரம் ஏராளம். உலர்த்திய மரத்தைத் திறந்த கொட்டகையில் இரண்டு மாதம் போட்டுவைத்தால் மறுபடி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன்டெய்னருக்குள் வேறு ஒரு கூத்து. பகலில் சூடேறி மரமும் அட்டைப்பெட்டியும் ஈரத்தைக் கக்கும். இரவில் கூரைத்தகடு குளிர்ந்து அதே ஈரம் சொட்டுச் சொட்டாகச் சரக்கின் மேல் விழும். பூஞ்சணம் பிடிக்க ஒரு கடல் பயணம் போதும். கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சிப் பைகளைத் தொங்கவிடுங்கள், மேல் அடுக்குப் பெட்டிகள்மீது தடித்த தாள் விரியுங்கள். பூஞ்சணத்தைத் தடுக்கிறது என்று சொல்லி யாராவது பெயரில்லாத பொட்டலத்தை விற்றால் வாங்காதீர்கள். டைமெதில் ஃபியூமரேட் கலந்த பொட்டலங்களை ஐரோப்பா 2009-இலேயே தடைசெய்துவிட்டது. சரக்கை அடுக்கும் மரப் பேலட்டுக்கும் சட்டம் உண்டு: ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி, பொதுவாக மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் தொடர்ந்து சூடேற்றப்பட்டு, கோதுமைக் கதிர் முத்திரை பதிந்திருக்க வேண்டும். நல்ல பலகையை முத்திரை இல்லாத பேலட்டில் வைத்து அனுப்பி மொத்தச் சரக்கும் திரும்பிய கதைகள் எந்தத் துறைமுகத்திலும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவை நினைத்தால் மரப்பட்டை ஒரு துணுக்கும், பூச்சித் துளை ஒன்றும் இருக்கக் கூடாது. 'இயற்கை விளிம்பு' என்று பட்டையோடு செய்யும் தட்டுகளை அந்தப் பக்கம் அனுப்பவே வேண்டாம்.

இப்போது விலை. பெரும்பாலானவர்கள் அடக்கவிலையில் தொடங்கி லாபம் சேர்த்து மேலே போகிறார்கள். கடை விலையில் தொடங்கிக் கீழே வாருங்கள். தேர்ந்தெடுத்த நாட்டின் கடைகளுடைய இணையப் பக்கங்களில் உங்கள் அளவு, உங்கள் மரத்துக்கு நெருக்கமான 30 பலகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அளவு, எடை, மரம், விலை, என்ன பெட்டியில் வருகிறது. வாங்கியவர்கள் எழுதிய ஒன்று, இரண்டு நட்சத்திர விமர்சனங்களையும் மொழிபெயர்த்துப் படியுங்கள். 'முதல் முறை கழுவியதும் ரோமம் எழும்பியது', 'எண்ணெய் நாற்றம்', 'மேசையில் ஆடுகிறது' என்பவை இலவசமாகக் கிடைக்கும் தரக்கட்டுப்பாட்டு அறிக்கை. ரோமம் எழும்புவதைத் தடுக்க, கடைசி மணல்தாளுக்கு முன் பலகையை ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, எழும்பிய நாரைத் தேய்த்தெடுத்தால் போதும்.

ஓர் உதாரணக் கணக்கு. கடை விலை 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து 30 யூரோ என்றால் வரி நீங்கலாக 25. கடைக்காரர் பாதியை எடுத்துக்கொள்வார், மிச்சம் 12.50. இறக்குமதியாளர் அதில் 30 சதவீதம் வைப்பார் என்றால் அவர் கிடங்கில் வந்து இறங்கும் அடக்கம் 8.75. துறைமுகச் செலவும் உள்ளூர் லாரியும் பலகைக்கு 50 சென்ட், சுங்கவரி 5 சதவீதம் என்று வைத்துக் கழித்தால் 7.85. கப்பலும் இன்சூரன்ஸும் 60 சென்ட் போக உங்கள் துறைமுகத்தில் 7.25 யூரோ. அதாவது கடை விலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இதற்குள் மரம், கூலி, அட்டைப்பெட்டி, துறைமுகம்வரை லாரி, சுங்க முகவர் கட்டணம், வங்கிக் கழிவு, நூற்றுக்கு ஐந்து பலகை கழிவாகப் போவது எல்லாம் அடங்கி லாபமும் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் விலையைக் குறைக்கத் தொடங்காதீர்கள். விலை கூடிய கடைக்குத் தகுந்த பொருளாக மாற்ற முடியுமா, அல்லது வேறு நாடா என்று பாருங்கள். எடைக்கும் இடத்துக்கும் தகுந்த மதிப்பில்லாத பொருள், மலிவான பலகை அந்த வகைதான், தூரம் போகப் போக நஷ்டம். கரண்டி, பரிமாறும் தட்டுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். பல பட்டறைகளுக்குப் பலகையைவிடத் தட்டே ஏற்றுமதிக்குப் பொருந்துகிறது.

கணக்கு நின்றுவிட்டால் ஒரே ஒரு நாடு, அதில் 40 இறக்குமதியாளர் பெயர் சேருங்கள். பிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் 'அம்பியன்டே', அமெரிக்காவில் நடக்கும் 'இன்ஸ்பயர்டு ஹோம் ஷோ' போன்ற சமையலறைப் பொருள் கண்காட்சிகளின் இணையதளத்தில் கடைபோட்டவர்கள் பட்டியலைத் தேடலாம். அதில் இறக்குமதி செய்து விற்பவர்களும் இருப்பார்கள். கடைபோடப் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்வையாளராகப் போவது போதும். அமெரிக்காவில் கப்பல் சரக்குப் பட்டியல் பொதுத் தகவல் என்பதால் 4419-ஐ யார் யார் இறக்குகிறார்கள் என்பதைத் தொகுத்து விற்கும் சேவைகளும் உண்டு. கடையில் விற்கும் பலகையின் அடியில் ஒட்டிய சிட்டையில் இறக்குமதியாளர் பெயர் இருந்தால் அதைவிட நல்ல முகவரி இல்லை.

அவர்களுக்கு எழுதும் மடல் ஆறேழு வரியைத் தாண்ட வேண்டாம். 'எங்கள் நிறுவனம் தரத்துக்குப் பெயர்பெற்றது' என்பதை யாரும் படிப்பதில்லை. மரத்தின் தாவரவியல் பெயர், அளவு, ஈரம் எத்தனை சதவீதம், மேல்பூச்சு, ஒரு பெட்டிக்கு எத்தனை, பெட்டியின் அளவும் எடையும், எச்.எஸ். எண், விலையும் எந்த விதிமுறையில் என்பதும், குறைந்தபட்ச ஆர்டர், எத்தனை வாரத்தில், மரத்தின் மூலக் காகிதம் உண்டு என்பது. இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருந்தால் எதிரில் இருப்பவர் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார். எண்களை இப்படித் தயாராக வைத்திருப்பவர் புதியவர்களில் அரிது என்பதால் பதில் வரும் வாய்ப்பும் கூடும்.

உங்கள் 2,000 பலகையை வைத்தே பார்ப்போம். ஒவ்வொன்றும் தன் அட்டையோடு 42 × 30 × 3.5 செ.மீ.; பத்தை ஒன்றாக அடுக்கினால் பெட்டி 42 × 30 × 36, எடை சுமார் 19 கிலோ. 200 பெட்டி, 9 கனமீட்டரைச் சற்றே தாண்டும், 3.8 டன். 20 அடி கன்டெய்னரின் உட்கொள்ளளவு 33 கனமீட்டர். உங்கள் சரக்கு அதில் மூன்றில் ஒன்றைக்கூட நிரப்பாது. ஆகவே மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறை. அதில் கனமீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், இங்கே 9. வழியில் இரண்டு கிடங்குகளில் ஏற்றி இறக்குவார்கள் என்பதால் இரட்டைச் சுவர் அட்டைப்பெட்டி அவசியம். ஃபார்வர்டர்கள், அதாவது சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்கள், மூவரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். கப்பல் கட்டணத்தை மிகக் குறைத்துச் சொல்லி, இறங்கும் துறைமுகச் செலவில் வாங்குபவர் தலையில் கட்டும் பழக்கம் எல்.சி.எல்.-லில் சகஜம், அந்தக் கோபம் உங்கள்மேல்தான் திரும்பும். மறுமுனைக் கட்டணமும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

அவர்கள் கேட்ட எஃப்.ஓ.பி.-க்குப் பதிலாக எஃப்.சி.ஏ. சொல்லுங்கள். சரக்குக்கு யார் எதுவரை பொறுப்பு என்று சொல்லும் இன்கோடெர்ம்ஸ் 2020 தொகுப்பில் மொத்தம் 11 விதிமுறை, எஃப்.ஓ.பி. கப்பலில் ஏற்றும்வரை பொறுப்பை உங்களிடம் வைத்திருக்கும். கன்டெய்னர் சரக்கையோ நீங்கள் ஃபார்வர்டர் கிடங்கில் கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்கள். கப்பல் ஏறுவது சில நாள் கழித்து. இடையில் மழையில் நனைந்தால் எஃப்.ஓ.பி.-யில் நஷ்டம் உங்களுடையது, பார்த்துக்கொள்ள நீங்கள் அங்கே இல்லை. எஃப்.சி.ஏ.-வில் ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பு மாறும். இடத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். டி.டி.பி. கேட்டால் மறுத்துவிடுங்கள், முன்பின் தெரியாத நாட்டில் வரிப் பதிவெண் எடுத்து, அவர்கள் வரியை நீங்கள் கட்டும் வேலை அது.

பணத்துக்கு வருவோம். டி.ஏ. என்றால், கப்பல் ஆவணங்களை உங்கள் வங்கி அவர்கள் வங்கிக்கு அனுப்பும். வாங்குபவர் '90 நாளில் தருகிறேன்' என்று பில்லில் கையெழுத்துப் போட்டதும் ஆவணம் அவர் கைக்குப் போய்விடும், கூடவே சரக்கும். தராவிட்டால் வங்கி பொறுப்பில்லை. முதல் வியாபாரத்தில், முகம் தெரியாதவருக்கு, இது கூடவே கூடாது. எல்.சி., அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கியே தரும் உறுதிக் கடிதம், பாதுகாப்பானது; ஆனால் 14,500 யூரோ மதிப்புள்ள சரக்குக்கு இரு பக்க வங்கிக் கட்டணமும் லாபத்தைத் தின்றுவிடும். பின்னாளில் எல்.சி. வாங்கும்போது ஒரு விஷயம்: சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளபடியே இன்வாய்ஸில் இருக்க வேண்டும், ஆவணத்தைக் கப்பல் ஏறிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதி ஆகும் முன், கொடுக்க வேண்டும். 'வாங்குபவர் கையெழுத்திட்ட பரிசோதனைச் சான்று' என்ற நிபந்தனை இருந்தால் திருப்பி அனுப்புங்கள், அதைத் தராமல் அவர் எப்போது வேண்டுமானாலும் பணத்தை நிறுத்தலாம்.

உங்களுக்கு இப்போது ஏற்றது 30 சதவீதம் முன்பணம், மீதி 70 பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் உரிமை ஆவணம்) நகலைக் காட்டியதும். மூல ஆவணம் மூன்று பிரதியும் பணம் வரும்வரை உங்களிடம். அந்த 30-ஐ மனம்போல வைக்கவில்லை: அவர் கடைசியில் கைவிட்டால் சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் கப்பல் கட்டணமும் துறைமுக வாடகையும் அதில் தேற வேண்டும். தேறாது என்று கணக்குச் சொன்னால் 40 கேளுங்கள். விமானத்தில் அனுப்பினால் இந்தப் பிடி இருக்காது. ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டு உரிமை ஆவணம் அல்ல, பெயர் எழுதப்பட்டவர் அதைக் காட்டாமலே சரக்கை எடுத்துப் போகலாம். அப்போது முழுப் பணமும் முன்னால்.

உங்கள் நாட்டுப் பக்கத்து வேலை சுலபம்: ஏற்றுமதியாளர் பதிவெண், வரிப் பதிவு, அந்நியச் செலாவணி வரவைக் கையாளும் வங்கிக் கணக்கு, ஒரு சுங்க முகவர். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிறப்பிடச் சான்று, பில் ஆஃப் லேடிங் நான்கிலும் பெட்டி எண்ணிக்கையும் மொத்த எடையும் ஒரே எண்ணாக இருக்கட்டும். பேக்கிங் லிஸ்டில் 3,800, பில் ஆஃப் லேடிங்கில் 3,810 என்று இருந்தாலே விசாரணைக்கு நிற்கும்.

இனி அந்த மின்னஞ்சலுக்குப் பதில். முதலில் நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டன் என்றால் 'கம்பெனீஸ் ஹவுஸ்' பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியம் என்றால் அவர்களுடைய வாட் (மதிப்புக்கூட்டு வரி) எண்ணைக் கேட்டு 'வீஸ்' தளத்தில் சரிபார்க்கலாம். மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பதிவேட்டிலோ வேறு இடத்திலோ கிடைக்கும் எண்ணில் கூப்பிட்டு, இந்தப் பெயரில் கொள்முதல் அதிகாரி உண்டா என்று கேளுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரை வைத்துப் போலி முகவரியிலிருந்து எழுதுவது இன்று சாதாரணம். உண்மை என்று தெரிந்தால் இப்படி எழுதுங்கள்: சாம்பிள் இரண்டு தருகிறோம், விலை இவ்வளவு, கூரியர் உங்கள் கணக்கு எண்ணில், முதல் ஆர்டர் உறுதியானால் சாம்பிள் விலையைக் கழித்துக்கொள்கிறோம். வாங்கும் எண்ணமுள்ளவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கூடவே எந்தக் கடைகளுக்கு, என்ன விலைக்கு, எந்தப் பெட்டியில் வேண்டும் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். மாதம் 600 பலகை என்ற உங்கள் கணக்குப்படி 2,000 முடிய ஏறத்தாழ மூன்றரை மாதம் ஆகும், அதையும் மறைக்காமல் எழுதி, 400 பலகையில் ஒரு சோதனைச் சரக்கு கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி விடாதீர்கள்: வங்கிக் கணக்கு எண் மாறினால் இரு தரப்பும் தொலைபேசியில் உறுதிசெய்த பிறகே பணம் அனுப்பப்படும். நடுவில் யாரோ உங்கள் மின்னஞ்சலுக்குள் புகுந்து, உங்கள் பெயரில் புதிய கணக்கு எண் அனுப்பி, வாங்குபவர் நல்லெண்ணத்தோடு கட்டிய பணம் எங்கோ போய்விடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது.